நாளை தெரியாதவர்கள்

அன்புள்ள ஐயா,

பழைய பத்திரிகைக் கட்டுரைகளின் தொகுப்புகளை வாசிக்கச் சொல்லி நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். அந்த வேகத்தில், ‘நியூயார்க்கர்’ வார இதழில் 1940களில் வந்தவற்றைத் திரட்டி 2014இல் வெளியிட்ட தடித்த புத்தகத்தை வாங்கினேன். மூன்று மாதமாகத் தலைமாட்டிலேயே கிடக்கிறது. பாதியைக்கூடத் தாண்ட முடியவில்லை. மனதில் பட்டதை ஒளிக்காமல் கேட்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் எப்படி முடிந்தது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதன் நடுவில் யாரோ ஒருவர் அந்தந்த வாரம் எழுதி அனுப்பியதை இப்போது எதற்காகப் படிக்க வேண்டும்? நல்ல வரலாற்று நூல் ஒன்றைப் படித்தால் முழுச் சித்திரமும் கிடைத்துவிடுமே. இன்னொன்று, அந்தப் பத்தாண்டில்தான் வங்கத்தில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் செத்தார்கள், நாடு இரண்டாகப் பிரிந்தது. நான் படித்தவரை அந்தப் புத்தகத்தில் நாம் இல்லை. யாருடைய நாற்பதுகள் அவை? கடைசியாக ஒன்று. ஜோசப் மிட்செலின் மதுக்கடைக் கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. அவரைப் பற்றித் தேடியபோது, சில மனிதர்களைப் பல பேரைச் சேர்த்து அவரே உருவாக்கினார் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு எதை நம்பிப் படிப்பது என்று புரியவில்லை.

எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ச.
திருநெல்வேலி

*

அன்புள்ள ச.,

எங்கள் வீட்டில் பெரிய அத்தை, வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்தெடுத்து வைப்பார். கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ முதுகு வைத்துத் தைத்து வாங்கிவிடுவார். அப்போது பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. கதை அத்தைக்கு. எனக்குப் பிடித்தது கதைப் பக்கத்தின் பின்புறம். அங்கே பாதியில் வெட்டுப்பட்ட தலையங்கம் இருக்கும். ரேஷன் அரிசியைப் பற்றி யாரோ கோபமாக எழுதிய கடிதத்தின் கடைசி நான்கு வரி இருக்கும். தலைவலித் தைலத்துக்கு விளம்பரம் இருக்கும். அடுத்த மாதம் நடக்கப்போகும் தேர்தலைப் பற்றி ஒருவர் அடித்துப் பேசியிருப்பார். கதாநாயகிக்கு என்ன ஆயிற்று என்பது அதே புத்தகத்தில் முந்நூறு பக்கம் தள்ளிக் கிடைத்துவிடும். அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார் என்பது புத்தகத்தில் எங்குமே கிடையாது. எழுதியவருக்கே அன்றைக்குத் தெரியாது. பழைய பத்திரிகை எழுத்தின்மேல் எனக்குப் பிடிப்பு உண்டானது அந்தப் பின்பக்கங்களில்தான்.

உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான். வரலாற்று நூலை எழுதுபவருக்கு முடிவு தெரியும். 1940 ஜூனைப் பற்றி எழுதும்போதே அவர் கையில் 1945 மே இருக்கிறது. அது தெரியாததுபோல எழுத அவர் எவ்வளவு முயன்றாலும் முடியாது. எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று அவர் முடிவு செய்வதே அந்த முடிவை வைத்துத்தான். வாரப் பத்திரிகைக்கு எழுதியவருக்கு அந்த வசதி இல்லை. வியாழக்கிழமைக்குள் கட்டுரை போக வேண்டும், வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று தெரியாது. நான் அந்தத் தொகுப்புகளுக்குத் திரும்பத் திரும்பப் போவது இந்த ஒன்றுக்காகத்தான். மனிதர்கள் எதிர்காலம் தெரியாமல் எப்படி ஒரு நாளைக் கழித்தார்கள் என்பது வேறு எங்கும் எனக்கு இவ்வளவு நேரடியாகக் கிடைத்ததில்லை.

ஒரு இடத்தைச் சொல்கிறேன். மோலி பான்டர்-டௌன்ஸ் என்ற பெண்மணி, 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதிலிருந்து நியூயார்க்கருக்கு லண்டன் கடிதம் எழுதினார். குடியிருந்தது சர்ரே கிராமப்புறத்தில். ரயிலேறி லண்டன் போவார், சுற்றிப் பார்ப்பார், வந்து எழுதி அனுப்புவார். 1940 ஜூன் 14 அன்று ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி திங்கட்கிழமை பிரான்ஸ் சண்டையை நிறுத்தக் கேட்டது. இனி பிரிட்டன் தனி. அந்த நாளைப் பற்றிய கடிதத்தில் அவர் தலைவர்களின் உரைகளை விட்டுவிட்டு, லண்டன் ஒரு கிராமம்போல அமைதியாக இருந்தது என்கிறார். எப்போதும் இரைச்சலாக இருக்கும் பெரிய ரயில் நிலையங்களிலும் அதே அமைதி. ஆட்கள் நின்றபடி செய்தித்தாள் படிக்கிறார்கள். ஒருவர் படித்து முடித்ததும், தாள் கிடைக்காத யாராவது ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நடந்து போகிறார்.

இதை முதன்முறை படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்த ஆளுக்கு பிரிட்டிஷ் படை டன்கிர்க்கிலிருந்து பின்வாங்கி ஊர் திரும்பியது தெரியும். தலைக்குமேல் விமானங்கள் மோதப்போவது தெரியாது. செப்டம்பரில் தொடங்கி இரவு இரவாகக் குண்டு விழப்போவது தெரியாது. தன் நாடு ஜெயிக்கும் என்பது சுத்தமாகத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவரிடம் செய்தித்தாளைக் கொடுக்கிறார், அவ்வளவுதான். எந்த வரலாற்று நூலில் இதற்கு இடம் உண்டு? முடிவு தெரிந்தவருக்கு இது ஒரு தகவலே ஆகாது. அன்று அங்கே நின்றவருக்கு அன்றைய நாளே அதுதான்.

ஏ. ஜே. லீப்ளிங்கின் நார்மண்டிக் கட்டுரையும் உங்கள் தொகுதியில் இருக்கிறது. பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கிய 1944 ஜூன் 6 அன்று, அங்கே ஓமஹா என்று பெயரிட்ட கடற்கரையில் வீரர்களை இறக்கிய ஒரு கப்பலில் அவர் இருந்தார். பெரிய கப்பல் இல்லை, கரையோரம் வரை போகிற துருப்புக் கப்பல். அதன்மேல் குண்டு விழுகிறது. மேல்தளத்தில் அடுக்கியிருந்த கன்டென்ஸ்டு மில்க் டின்கள் ஓட்டையாகிப் பால் வழிகிறது. அடிபட்ட மாலுமிகளின் ரத்தத்தோடு அது கலந்து, தளம் முழுக்கப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இந்தப் போரைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், பல மறந்துவிட்டன. அந்தப் பிசுபிசுப்பு மட்டும் என் செருப்பில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லீப்ளிங் சாப்பாட்டுப் பிரியர், குத்துச்சண்டையைப் பற்றியும் குதிரைப் பந்தயத்தைப் பற்றியும் ஆசையாக எழுதியவர். போர்க்களத்துக்கும் அதே கண்ணோடுதான் போனார்.

முடிவு தெரியாமல் எழுதியதை முடிவு தெரிந்த நாம் படிக்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சி 1944 ஜூனில் எழுதிய கட்டுரை நல்ல உதாரணம். சாலமன் தீவுகளில் 1943 ஆகஸ்ட் 2 நள்ளிரவு தாண்டிய இருட்டில் ஒரு சிறிய ரோந்துப் படகை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் இடித்துப் பிளந்துவிட்டது. படகில் 13 பேர். 2 பேர் போய்விட்டார்கள். தீக்காயம் பட்ட ஒருவனுடைய மிதவைச் சட்டையின் வாரைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, கேப்டன் பல மணி நேரம் நீந்தி அவனைத் தீவு ஒன்றில் கரை சேர்க்கிறான். பிறகு ஒரு தேங்காய் ஓட்டில் செய்தியைக் கீறி, பியூகு காசா, எரோனி குமானா என்ற இரண்டு தீவுக்காரர்களிடம் கொடுத்தனுப்புகிறான். 11 பேரும் தப்புகிறார்கள். அந்தக் கேப்டன் பெயர் ஜான் கென்னடி.

பெயரைச் சொன்னவுடன் கட்டுரையே மாறிவிடுகிறது, கவனித்தீர்களா? 1944இல் அதைப் படித்த அமெரிக்கருக்கு அவன் முன்னாள் தூதர் ஒருவரின் மகன், ஒரு இளம் லெப்டினன்ட், அதற்குமேல் ஒன்றுமில்லை. படகை இழந்த ஒருவன் தன் ஆட்களைக் காப்பாற்றிய கதை. நமக்கோ ஒவ்வொரு வரியிலும் வெள்ளை மாளிகையும், அவன் பின்னால் சுடப்பட்ட டல்லாஸும் தெரிகின்றன. சரியாகச் சொன்னால், இந்தக் கட்டுரை அந்த எதிர்காலத்தை உண்டாக்கவும் உதவியது. அப்பா கென்னடியின் முயற்சியில் அதன் சுருக்கம் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’டில் வந்தது. 1946இல் மகன் காங்கிரஸ் தேர்தலில் நின்றபோது அதன் பிரதிகளை வீடு வீடாகக் கொடுத்தார்கள். தேங்காய் ஓடு பின்னால் ஜனாதிபதியின் மேசைக்கே வந்து சேர்ந்தது. இதை இரண்டு தடவை படியுங்கள் என்பேன். முதல் தடவை அந்தப் பெயரை மனதிலிருந்து அழித்துவிட்டு. அப்போதுதான் அந்தக் கடலின் இருட்டு தெரியும்.

இதே ஹெர்சி இரண்டு வருடம் கழித்து எழுதியதுதான் ஹிரோஷிமா. 1946 மே மாதம் ஜப்பான் போய், உயிர் பிழைத்தவர்களில் 6 பேரைத் தேர்ந்தெடுத்து, அணுகுண்டு விழுந்த அந்தக் காலை 8:15 மணிக்கு ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதில் தொடங்குகிறார். தொஷிகோ சசாகி என்ற பெண் தகரத் தொழிற்சாலை அலுவலகத்தில் உட்கார்ந்து, பக்கத்து மேசைப் பெண்ணிடம் பேசத் தலையைத் திருப்புகிறாள். அவள் பின்னால் இருந்த புத்தக அலமாரிகள் அவள்மேல் சாய்கின்றன. டாக்டர் தெருஃபுமி சசாகியின் மூக்குக்கண்ணாடி தெறித்துப் போய்விடுகிறது. அடிபட்டுக் கிடந்த ஒரு நர்ஸின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காயங்களுக்குக் கட்டுப்போடத் தொடங்குகிறார். போதகர் தானிமோட்டோ ஒரு பெண்ணைப் படகில் ஏற்றக் கையைப் பிடிக்கிறார், கையின் தோல் உறையைப்போலக் கழன்று வருகிறது. இவர்கள் மனிதர்கள், இவர்கள் மனிதர்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் அந்த வேலையைச் செய்கிறார்.

நான்கு வாரத் தொடராகப் போடத்தான் முதலில் திட்டம். துணை ஆசிரியராக இருந்த வில்லியம் ஷான், ஒரே இதழில் முழுக்கப் போட வேண்டும் என்றார். ஆசிரியர் ஹெரால்ட் ராஸ் யோசித்துச் சம்மதித்தார். 1946 ஆகஸ்ட் 31 இதழில் வழக்கமான கார்ட்டூன்களும் கவிதைகளும் கதைகளும் இல்லை. ராஸ் தன் பத்திரிகையில் வரும் ஒவ்வொரு வரியையும் பென்சிலோடு படிப்பவர். குண்டு விழுந்த இடத்துச் சைக்கிள்களைக் ‘கோணலான’ என்று ஹெர்சி எழுதியிருந்தார். இரண்டே பரிமாணம் உள்ள பொருள் எப்படிக் கோணலாகும் என்று ராஸ் ஓரத்தில் எழுதிக் கேட்டார். அந்தச் சொல் ‘நசுங்கிய’ என்று மாறியது. லட்சம் பேர் செத்ததைப் பற்றிய கட்டுரையில் ஒரு சைக்கிளுக்கு என்ன அடைமொழி என்று இரண்டு பேர் நின்று யோசித்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரை இன்றும் நிற்பதற்கு இந்த அக்கறையும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் ச., அந்த இதழின் அட்டையில் என்ன படம் தெரியுமா? கோடைக்காலப் பூங்கா ஒன்றில் ஜனங்கள் விளையாடிக்கொண்டும் சாய்ந்துகொண்டும் இருக்கிறார்கள். உள்ளே வழக்கம்போல நகரத்து நாடக, சினிமா நிகழ்ச்சிப் பட்டியல். கட்டுரை ஓடும் பக்கங்களின் ஓரங்களில் வழக்கம்போல விளம்பரங்கள். கோடையை அனுபவித்துக்கொண்டிருந்த ஒருவர் அந்த அட்டையைப் பார்த்து வாங்கி, புரட்டி, உள்ளே போய் விழுந்தார். ஹிரோஷிமாவைப் புத்தகமாகப் படிக்கும் நமக்கு அந்த விழுகை கிடையாது. அட்டையைப் பார்த்ததுமே நாம் தயாராகிவிடுகிறோம். தொகுப்புகளின்மேல் எனக்குள்ள தீராத குறை இதுதான். அத்தை கிழித்த பக்கங்களிலாவது பின்புறம் தப்பிப் பிழைத்தது. புதிதாக அச்சுக்கோத்த தொகுதியில் அதுவும் போய்விடுகிறது. போர்முனைக்கு அனுப்புவதற்காகவே நியூயார்க்கர் 1943இலிருந்து விளம்பரம் இல்லாமல் ஒரு சின்ன வடிவப் பதிப்பு போட்டது. முகாம்களில் அதைப் படித்துப் பழகிய ஆட்கள் ஊர் திரும்பியதும் சந்தா கட்டினார்கள். ஆகவே விளம்பரம் இல்லாத பத்திரிகையை அன்றும் படித்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. முழுச் சமாதானம் ஆகவில்லை.

39 வருடம் கழித்து, 1985இல் ஹெர்சி அதே 6 பேரைப் பற்றி மறுபடியும் எழுதினார். தொஷிகோ சசாகி கன்னியாஸ்திரி ஆகியிருந்தார். 6 பேரில் இன்னொருவரான ஜெர்மன் பாதிரியார் க்ளைன்சோர்கே ஜப்பானியக் குடிமகனாகிப் பெயரை மாற்றிக்கொண்டிருந்தார். தானிமோட்டோவை 1955இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் உட்கார வைத்து, குண்டு போட்ட விமானத்தின் துணை விமானியைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். 1946இன் கட்டுரையில் இவை எதற்கும் நிழல்கூட இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், முதலாவது எவ்வளவு குறைவாகத் தெரிந்துகொண்டு எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறது என்று புரியும்.

தொகுப்பாளருக்கும் முடிவு தெரியும் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் புத்தகத்தைத் தொகுத்த ஹென்றி ஃபிண்டருக்கு ஐன்ஸ்டைனையும் வால்ட் டிஸ்னியையும் எலினார் ரூஸ்வெல்ட்டையும் இன்றும் எல்லோருக்கும் தெரியும் என்பது தெரியும். அவர்களைப் பற்றிய கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. அதே பத்து வருடத்தில் ஊர் முழுக்கப் பேசப்பட்டு இன்று யாருக்கும் பெயர் தெரியாதவர்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் வெளியே நின்றுவிட்டன. தொகுப்பாளரைக் குறை சொல்லவில்லை. 700 பக்கத்துக்குள் பத்து வருடத்தை அடக்க வேறு வழி இல்லை. படிக்கிற நாம் இதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

ஆங்கில எழுத்தாளர் ரெபெக்கா வெஸ்ட் 1947இல் எழுதிய கிரீன்வில் கட்டுரையில் வேறொரு தெரியாமை இருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் வெள்ளை டாக்சி டிரைவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். வில்லி ஏர்ல் என்ற 24 வயதுக் கறுப்பு இளைஞனைச் சந்தேகத்தில் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பிப்ரவரி 17 விடிவதற்குள் ஒரு கும்பல் அவனைச் சிறையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்க் கொன்றது. 31 பேர்மீது வழக்கு, பெரும்பாலும் டாக்சி டிரைவர்கள். அவர்களில் 26 பேர் போலீசிடம் வாக்குமூலமே கொடுத்திருந்தார்கள். ஜூரி முழுக்க வெள்ளையர்கள். மே 21 அன்று அத்தனை பேரும் விடுதலை. நீதிபதி ஜூரிக்கு நன்றிகூடச் சொல்லாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு போனார். குற்றம் சாட்டப்பட்டவர்களின் வக்கீல்கள் வாதம் செய்த அத்தனை நேரத்திலும், கொலை செய்தவனாகவே இருந்தாலும் அவனைக் கொல்வது தப்பு என்று ஒரு நிமிஷம்கூடச் சொல்லவில்லை என்று வெஸ்ட் எழுதுகிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தக் கட்டுரையைக் காப்பாற்றி வைக்கலாம்.

ஆனாலும் அதைப் படித்து முடிக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்த 31 பேரையும் அவர்கள் மனைவி மக்களையும் அவர் கிட்டத்தில் போய்ப் பார்க்கிறார். அவர்களுடைய பயத்தையும் விளங்கிக்கொள்ளப் பார்க்கிறார். வில்லி ஏர்லின் பக்கம் அந்த அளவுக்கு அவர் போகவில்லை. நாஜித் தலைவர்கள்மீது நியூரம்பர்க்கில் நடந்த விசாரணையைப் பார்த்துவிட்டு வந்த எவ்வளவோ பெரிய எழுத்தாளர், அவருக்கும் அன்றைய எல்லை அது. பழைய பத்திரிகையைப் படித்தால் காலத்தின் அறிவோடு சேர்த்து அதன் குருட்டுத்தனமும் கைக்குக் கிடைக்கும். பின்னால் எழுதும் வரலாற்றில் அதைத் திருத்திவிடுவார்கள். பத்திரிகையில் அது அச்சாகி அப்படியே இருக்கும்.

இனி மிட்செல். நீங்கள் படித்தது உண்மைதான். 1944, 45இல் அவர் எழுதிய திரு. ஃப்ளட் என்ற 93 வயது மீன் சந்தைக் கிழவர், மீனும் சிப்பியும் சாப்பிட்டே 115 வயது வரை வாழப்போவதாகச் சொல்பவர், நிஜமான ஒற்றை மனிதர் இல்லை. ஃபுல்டன் மீன் சந்தையில் பார்த்த பல கிழவர்களைச் சேர்த்து உருவாக்கியது. 1948இல் புத்தகமாகப் போட்டபோது முன்னுரையில் மிட்செலே அதைச் சொல்லிவிட்டார். ஆனால் பத்திரிகையில் வந்தபோது வாசகருக்கு அது தெரியாது. நிஜமான ஆளென்று நம்பித்தான் படித்தார்கள். இது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். அன்றைக்கு வழக்கமாக இருந்தது என்று சொல்லி இதை நியாயப்படுத்த மாட்டேன். ‘உண்மை’ என்று தலைப்பில் போட்டு விற்றால் உள்ளே இருப்பதும் உண்மையாக இருக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த மதுக்கடை, 1854இல் திறந்ததாகச் சொல்லப்படும் மக்சோர்லீஸ், நியூயார்க் கிழக்கு 7ஆம் தெருவில் இன்றும் இருக்கிறது. அந்தக் கட்டுரையை ஃப்ளட் கிழவரோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் நம்பிக்கை போய்விட்டது என்று அவரை மூடி வைத்துவிட்டால் இன்னொன்றைத் தவறவிடுவீர்கள். 1942 டிசம்பரில் ஜோ கூல்ட் என்ற நாடோடியைப் பற்றி மிட்செல் எழுதினார். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதி மதுக்கடைகளில் சுற்றித் திரிந்த குள்ளமான மனிதர். தான் காதால் கேட்ட பேச்சையெல்லாம் ‘நம் காலத்தின் வாய்மொழி வரலாறு’ என்று எழுதி வருவதாகவும், 90 லட்சம் சொல் ஆகிவிட்டதாகவும், நோட்டுகள் லாங் ஐலண்டில் ஒரு கோழிப்பண்ணை நிலவறையில் பத்திரமாக இருப்பதாகவும் சொன்னார். மிட்செல் நம்பினார், எழுதினார். நாளாக ஆகத்தான், அப்படி ஒரு வரலாறே இல்லை, மனிதர் அதே நான்கைந்து அத்தியாயங்களைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார் என்ற முடிவுக்கு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. கூல்ட் 1957இல் இறந்தார். அதற்கும் ஏழு வருடம் கழித்து, 1964இல்தான் மிட்செல் அதை எழுதினார். அதுதான் அவர் வெளியிட்ட கடைசிக் கட்டுரை. 1996இல் இறக்கும்வரை, முப்பது வருடத்துக்கும் மேல் அலுவலகத்துக்கு வந்து போனார். வேறு எதுவும் பத்திரிகைக்கு வரவில்லை.

இந்த இரண்டு கட்டுரைகளையும் 1942, 1964 என்ற வரிசையில் படித்துப் பாருங்கள். முதலாவதில் ஒரு எழுத்தாளர் ஏமாந்திருக்கிறார், அது அவருக்குத் தெரியாது. இரண்டாவதில் தெரியும். முதலாவதை வெறும் பிழையென்று ஒதுக்கிவிட்டால் இரண்டாவதற்குப் பாதி உயிர் இல்லை. எதை நம்புவது என்று கேட்டீர்கள். தேதியை நம்புங்கள். இந்தத் தேதியில் இந்த மனிதர் இதை உண்மை என்று எழுதினார், அல்லது உண்மை என்று எழுதத் துணிந்தார். அதற்குமேல் உள்ளதை வேறு இடங்களில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கேள்விகளில் என்னை மிகவும் தைத்தது ‘யாருடைய நாற்பதுகள்’ என்பதுதான். நீங்கள் சொல்வது சரி. அது நியூயார்க்கிலிருந்து பார்த்த நாற்பதுகள். அங்கே நம்மைத் தேடிக் கோபப்படுவதைவிட, நம் பக்கத்து நாற்பதுகளின் பத்திரிகை எழுத்தைத் தேடிப் போகலாம். 1943 ஆகஸ்ட் 22 அன்று கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில், அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் தெருவில் பட்டினியில் வாடிக் கிடந்தவர்களின் படங்களைப் போட்டார். ஆங்கிலேயரின் பத்திரிகை, ஆங்கிலேய ஆசிரியர், ஆங்கிலேய அரசு மறைக்கப் பார்த்த பஞ்சம். அதே வருடம் நவம்பரில் சித்தப்பிரசாத் என்ற ஓவியர் மிட்னாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய், பார்த்ததைக் கோட்டோவியமாகவும் எழுத்தாகவும் பதிந்து ‘பசித்த வங்கம்’ என்று பொருள்படும் ஒரு சிறு நூலாகக் கொண்டுவந்தார். 5,000 பிரதிகள். அரசு பறித்து எரித்துவிட்டது. தப்பிய பிரதி ஒன்றை வைத்துத்தான் 2011இல் மறுபதிப்பு வந்தது. அந்தப் படங்களில் எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்குப் பக்கத்தில் அவர்கள் பெயரையும் ஊரையும் எழுதியிருப்பார். ஹெர்சி ஹிரோஷிமா போவதற்கு இரண்டரை வருடம் முன்பு, பெரிய பத்திரிகையின் பணமோ பலமோ இல்லாமல் இதைச் செய்திருக்கிறார். நியூயார்க்கர் தொகுப்பைக் கீழே போடாமல் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இந்த வேலையை ஏ. கே. செட்டியார் தனி ஆளாகச் செய்தார். 1943இல் தொடங்கிய ‘குமரி மலர்’ மாத இதழில், பழைய பத்திரிகைகளில் வந்து மறந்துபோன கட்டுரைகளைத் தேடியெடுத்து மறுபடி அச்சிட்டார். பழைய பயணக் கட்டுரைகளைத் திரட்டித் தனி நூலாகவும் போட்டார். அந்தத் தாள்கள் தொட்டால் உதிர்கிற நிலைக்கு வருவதற்கு முன்பே இப்படி ஒருவர் உட்கார்ந்து நகலெடுத்ததால்தான் பல கட்டுரைகள் நமக்கு மிஞ்சின. நாற்பதுகளின் தமிழ் வார இதழ்களிலிருந்து இதே தரத்தில், தேதியோடும் குறிப்போடும் ஒரு பெரிய தொகுதி வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இளைஞர்கள் யாராவது முன்வந்தால் என்னால் ஆனதைச் செய்வேன். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை.

எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம், உங்களுக்கு அலுப்பு வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் இன்றைய எழுத்தாளர்கள் எழுதிய முன்னுரைகளைக் கடைசியில் படியுங்கள். முடிவு தெரிந்தவர்களின் குரல் அது, முதலிலேயே காதில் விழ வேண்டாம். கட்டுரையின் தேதியை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு அடுத்த நாள் என்ன ஆயிற்று என்று நினைவுக்கு வந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டுரைக்குமேல் வேண்டாம். நாடக, சினிமா விமர்சனங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மோலி பான்டர்-டௌன்ஸின் போர்க்காலக் கடிதங்களை ஷான் 1971இல் தனி நூலாகவே தொகுத்தார். அது கிடைத்தால் முதலில் அதை எடுங்கள். 1940 ஜூன் பக்கத்துக்குப் போங்கள். ரயில் நிலையத்தில் அந்த ஆள் செய்தித்தாளை மடித்து அடுத்தவரிடம் கொடுக்கும் இடம் வரும். அதைப் படித்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்.